பினாங்கிலிருந்து வந்த ஸ்டீயரிங்

கீழக்கரை நண்பர் ஒருவரின் தம்பி மலேசியாவில், பினாங்கில் வேலை பார்க்கிறார். நோன்புப் பெருநாளைக்கு ஊருக்கு வந்தபோது தைலம், சாக்லேட் டப்பாக்களோடு ஒரு பெரிய அட்டைப்பெட்டியும் வந்தது. பிரித்தால், கறுப்புத் தோல் சுற்றி, சிவப்பு நூலில் தையல் போட்ட ஸ்டீயரிங். விட்டம் 320 மி.மீ. "உங்க 800-க்குத்தான் காக்கா (அண்ணா). பாஸ் கிட்டும் சேர்த்தே வாங்கிட்டேன்" என்றார் தம்பி. நண்பருக்கு அன்று இரவு தூக்கமே வந்திருக்காது.

நண்பருடையது 1998 மாடல் மாருதி 800. மறுநாள் காலை ராமநாதபுரத்துக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நின்றோம். பழைய ஸ்டீயரிங்கைக் கழற்ற 20 நிமிடம்தான் ஆனது. புதியதை உட்கார வைக்க ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியும் ஆகவில்லை. கடைசியில் மெக்கானிக், ஸ்டீயரிங்கைக் காரோடு இணைக்கும் அந்தப் பாஸ் கிட்டைக் கையில் வைத்து, உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, இது வேற பல்லுண்ணே. சுத்தியலால அடிச்சா இறங்கிரும். ஆனா நான் அடிக்க மாட்டேன்" என்றார்.

அவர் அடிக்க மறுத்தது ஏன் என்று சொன்னாலே இந்த விஷயத்தில் பாதி புரிந்துவிடும்.

காரின் ஸ்டீயரிங் காலம் என்கிற நீளமான தண்டின் மேல் முனையில் நெடுக்காகச் சின்னச் சின்னப் பற்கள் வெட்டியிருக்கும். ஸ்ப்லைன் என்பது அதைத்தான். ஸ்டீயரிங்கின் நடுத் துளையிலும் அதற்குப் பொருத்தமான பற்கள் இருக்கும். இரண்டும் கோத்துக்கொள்ள, மேலே ஒரே ஒரு நட் இறுக்கிப் பிடிக்கும். நாம் திருப்பும் விசை அத்தனையும் முன் சக்கரத்துக்குப் போவது இந்தப் பற்கள் வழியாகத்தான். நட்டின் வேலை, ஸ்டீயரிங் மேலே எழும்பாமல் பார்த்துக்கொள்வது.

பற்களின் எண்ணிக்கை, தண்டின் தடிமன், முனையின் சரிவு எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில நேரம் ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்கு நடுவிலேயே மாறும். வெளியில் வாங்கும் ஸ்டீயரிங்கில் இந்தப் பற்கள் கிடையாது. நடுவில் வெறும் ஓட்டையும், அதைச் சுற்றி ஆறு போல்ட் துளைகளும் மட்டும்தான். எந்தக் காருக்கும் விற்க வேண்டுமே! காரின் தண்டுக்கும் அந்த வளையத்துக்கும் நடுவில் உட்காரும் கிண்ணம் போன்ற பாகம்தான் பாஸ் கிட். கிண்ணத்தின் அடிப்பக்கம் காரின் பற்களுக்கு, மேல்பக்கம் வளையத்தின் ஆறு போல்ட்டுக்கு. பெயரே பாஸ். முதலாளி அவர்தான். கடையில் எல்லோரும் வளையத்தைத் தடவிப் பார்த்து விலை பேசுவார்கள். முதலாளியைப் பெட்டியை விட்டு வெளியே எடுத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

எங்கள் பெட்டியில் வந்தது காஞ்சிலுக்கான பாஸ். பெரோடுவா காஞ்சில் 1994-ல் மலேசியாவில் வந்த சின்னக் கார். பார்வைக்கு நம்ம ஊர் 800-க்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். அதைப் பார்த்துத்தான் தம்பியும் ஏமாந்திருக்கிறார். வம்சம் வேறு. காஞ்சில், டைஹாட்சு மீராவிலிருந்து வந்தது. 1983-ல் ஓடத் தொடங்கிய மாருதி 800-க்குத் தாய்வீடு சுசுகி. வேறு வீட்டுச் சாவி.

பொருந்தாத பாஸை அடித்து இறக்க முடியும் என்பது உண்மைதான். பாஸ் பெரும்பாலும் அலுமினியம், தண்டு எஃகு. மெத்தென்ற உலோகத்தில் கெட்டியான பற்கள் தடம் பதித்துக்கொண்டு இறங்கிவிடும். அன்றைக்கு ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கொஞ்ச நாளில் தடம் அகலும், கையில் மெல்லிய ஆட்டம் தெரியும். அப்புறம் ஒரு நாள் வளைவில் ஸ்டீயரிங் திரும்பும், சக்கரம் திரும்பாது. அடிப்பதிலேயே இன்னொரு கேடும் உண்டு. மோதலின்போது ஸ்டீயரிங் தண்டு ஓட்டுநரின் நெஞ்சில் பாயாமல் தனக்குள் மடங்கிச் சுருங்குவதற்காகப் பல கார்களின் ஸ்டீயரிங் காலத்துக்குள் பிளாஸ்டிக் ஊசிகள் வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் 1967 மாடல் கார்களில் தொடங்கிப் பரவிய ஏற்பாடு இது. மேலிருந்து சுத்தியலால் அடித்தால் அந்த ஊசிகள் அங்கேயே உடைந்து போகலாம். வெளியே ஒன்றும் தெரியாது.

சரியான பாஸை மதுரையில் தேடிப் பிடித்துக்கொண்டு வரப் பத்து நாள் ஆயிற்று. இப்போது இன்னொரு சிக்கல். ஆறு போல்ட் துளைகள் எந்த வட்டத்தில் அமைந்திருக்கின்றன என்பதிலும் இரண்டு சாதி உண்டு. மோமோ, ஸ்பார்கோ, ஓஎம்பி போன்ற கம்பெனிகளின் ஸ்டீயரிங்கில் துளைகள் 70 மி.மீ. விட்ட வட்டத்தில் இருக்கும். நார்டி, பெர்சனல் வகையில் 74 மி.மீ. வித்தியாசம் 4 மி.மீ.தான். அரம் போட்டுத் துளையை நீள்வட்டமாக்கி மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். செய்யவே கூடாத வேலை. எங்கள் அதிர்ஷ்டம், இரண்டுமே 70.

மோமோ என்றதும் ஒரு விஷயம். ஜியான்பியரோ மொரெட்டி என்ற இத்தாலிய பந்தய ஓட்டுநர் 1964-ல் தன் சொந்தக் காருக்காக ஆர்டர் கொடுத்துச் செய்துகொண்ட ஸ்டீயரிங்கில் தொடங்கிய கம்பெனி அது. மொரெட்டியில் பாதி, மோன்ஸா பந்தயத் தடத்தில் பாதி எடுத்து வைத்த பெயர். அந்த ஸ்டீயரிங்கின் விசேஷம் ஒன்றே ஒன்று: அன்றைக்கு இருந்தவற்றைவிடப் பிடி தடிமனாக இருந்தது. அதே ஆண்டு ஃபார்முலா ஒன் உலக சாம்பியனான ஜான் சர்ட்டீஸுக்கும் அது பிடித்துப்போய், தன் ஃபெராரிக்கும் ஒன்று கேட்டார். இங்கே நமக்கு 1964 என்றால் தனுஷ்கோடிதான் ஞாபகம் வரும். அது வேறு கதை. நான் சொல்ல வந்தது, வெளி ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் கைக்கு வரும் அந்தச் சுகம் பெரும்பாலும் தடிமனால் வருவது. இதைப் பின்னால் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கழற்றுவதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நட்டைத் தளர்த்தியதும் முழுசாகக் கழற்றிவிடக் கூடாது. மூன்று நான்கு மரையில் நிற்க விட்டு, அதன் பிறகுதான் ஸ்டீயரிங்கைப் பிடித்து இடம் வலமாக அசைக்க வேண்டும். பல வருஷம் உட்கார்ந்து இறுகிப்போன ஸ்டீயரிங் திடீரென விடுபடும். நட் தடுக்காவிட்டால் நேரே மூக்கில் வந்து விழும். எங்கள் மெக்கானிக்குக்கு முன்பல்லில் ஒரு சில்லு கிடையாது. காரணம் கேட்டேன், சிரித்தார். அசைத்தும் வராவிட்டால் புல்லர் என்ற இழுப்புக் கருவி போட வேண்டும்.

முன் சக்கரத்தை நேராக நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, தண்டிலும் ஸ்டீயரிங்கிலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டுக்கொள்வது கழற்றுவதற்கு முந்தைய வேலை. புதிய பாஸில் மேல்பக்கம் எது என்று குறி இருக்கும், அதை அந்தக் கோட்டுக்கு நேராக இறக்க வேண்டும். 36 பல் உள்ள தண்டு என்றால் ஒரு பல் மாறி உட்கார்ந்தாலே 10 டிகிரி கோணல். நேரான ரோட்டில் ஸ்டீயரிங் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். அதை அலைன்மெண்ட் கடையில், சக்கரத்தைத் திருப்பும் டை ராடைத் திருகிச் சரிக்கட்டலாம் என்பார்கள். பல்லில் நடந்த தப்பைப் பல்லில்தான் திருத்த வேண்டும். ராடை ஒரு பக்கம் மட்டும் கன்னாபின்னாவென்று திருகினால் ஸ்டீயரிங் இடது பக்கம் ஒரு சுற்று, வலது பக்கம் ஒன்றேகால் சுற்று என்று போகும்.

நட்டை எவ்வளவு இறுக்குவது என்பது அந்தந்தக் காரின் ஒர்க்‌ஷாப் கையேட்டில் இருக்கும். பல சின்னக் கார்களில் 30 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் வரும். பற்களில் கிரீஸ் தடவலாமா என்பதில் மெக்கானிக்குகளுக்குள் இரண்டு கட்சி. நான் தடவாத கட்சி. கையேட்டில் உள்ள கணக்கு பொதுவாகக் காய்ந்த மரைக்கானது. கிரீஸ் வழுக்கினால் அதே அளவுக்கு நட் கூடுதலாக இறங்கிவிடும்.

இனி ஹாரன். பழைய கார்களில் ஸ்டீயரிங்கின் அடியில் ஒரு பித்தளை வளையம் இருக்கும். ஸ்டீயரிங் காலத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊசி அதை எந்நேரமும் தொட்டுக்கொண்டே இருக்கும். ஹாரன் பொத்தானை அமுக்கினால் அந்த வழியாக எர்த் கிடைத்து, ரிலே இழுத்து, ஹாரன் அலறும். புதிய பாஸிலும் இதே ஏற்பாடு உண்டு, ஒயர் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் வேலையில் அந்த ஒயரின் முனை பாஸின் விளிம்பில் உரசியிருக்கிறது. நின்ற இடத்தில் சோதித்தபோது எல்லாம் சரி. கீழக்கரையின் உள்தெருக்களில், இரண்டு பக்கமும் வீட்டு வாசற்படி இடிக்கிற அகலத்தில், ஒவ்வொரு இடது திருப்பத்துக்கும் ஹாரன் தானாக அலறியது. அதுவும் மதியம், ஊரே சாப்பிட்டுச் சாய்ந்திருக்கும் நேரம். ஒரு பெரியம்மா கதவைத் திறந்து வந்து, "யாரு வாப்பா பொண்ணு அழைக்க வந்துருக்கீங்களா?" என்று கேட்டார். நண்பர் தலையைக் குனிந்துகொண்டே ஓட்டினார். அரை அங்குல இன்சுலேஷன் டேப்பில் முடிந்த கோளாறு.

இண்டிகேட்டர் தானாக அணைவதும் பாஸின் கையில்தான் இருக்கிறது. ஸ்டீயரிங் நேருக்குத் திரும்பும்போது அதன் அடியில் துருத்தியிருக்கும் இரண்டு காதுகள் இண்டிகேட்டர் சுவிட்சைத் தட்டிவிடும். பாஸில் அந்தக் காதுகள் சரியான இடத்தில் உட்காரவில்லை என்றால் இண்டிகேட்டர் அணையாது. ராமநாதபுரத்தில் வலது பக்கம் போட்ட இண்டிகேட்டரோடு மண்டபம் வரை போய்ச் சேரலாம், பின்னால் வருகிற பஸ்காரர் திட்டிக்கொண்டே வருவார்.

அளவு பற்றி. பழைய கார்களில் 370, 380 மி.மீ. ஸ்டீயரிங் சாதாரணம். பவர் ஸ்டீயரிங் இல்லாத காலத்தில் அந்தப் பெரிய வட்டம்தான் பவர். 370-லிருந்து 320-க்கு இறங்கினால், அதே திருப்பத்துக்குக் கை கொடுக்க வேண்டிய விசை 15 சதவீதத்துக்கு மேல் கூடும். கை நகரும் தூரமோ ஒரு முழுச் சுற்றுக்கு 116 செ.மீ.யிலிருந்து 100 செ.மீ. ஆகக் குறையும். 800 சுமார் 650 கிலோ எடைதான் என்பதால் ஓடும்போது பாரம் தெரிவதில்லை. நிறுத்துமிடத்தில் திருப்பும்போது தோள் சொல்லும். பழைய மகிந்திரா ஜீப்புக்கு இந்த அளவில் மாட்டிவிட்டு, ஒரு வாரத்தில் பெரியதற்கே திரும்பியவர் உச்சிப்புளியில் இருக்கிறார்.

கை நகரும் தூரம் குறைவதற்கும் ஒரு விலை உண்டு. இந்தக் கடற்கரையில் அது எங்கே தெரியும் என்றால் பாம்பன் பாலத்தில். 1988-ல் திறந்த சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். இரண்டு பக்கமும் மறைப்பே இல்லாத கடல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பக்கவாட்டில் அடிக்கிற அடி, சின்னக் காரை ஒரு சாண் தள்ளிவிடும். பக்கத்துப் பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளலைச் சரிசெய்யக் கை கொடுக்கிற சின்ன அசைவு, பெரிய ஸ்டீயரிங்கில் பதமாகக் கரையும். சின்னதில் அதே அசைவுக்குக் கார் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பிவிடும். பாலத்தின் நடுவில் நண்பர் இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பேச்சையே நிறுத்திவிட்டார். இறங்கி தங்கச்சிமடம் வந்த பிறகுதான், "350 வாங்கச் சொல்லியிருக்கணும் மாப்ள" என்றார். நானும் அதையே சொல்வேன். பவர் ஸ்டீயரிங் இல்லாத காருக்கு 350-க்குக் கீழே போகாதீர்கள். மீட்டரை மறைக்கிறதா என்பதையும் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். சின்ன வட்டத்தின் மேல் விளிம்பு சரியாக ஸ்பீடாமீட்டரின் குறுக்கே வந்து நிற்பது வழக்கமான வேதனை.

இதுவரை சொன்னது எல்லாம் ஏர்பேக் இல்லாத காருக்கு. ஏர்பேக் உள்ள காரென்றால் பேச்சே வேறு. நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். பக்கத்து இருக்கைக்கும் 2021 முடிவதற்குள் கட்டாயமாகிவிட்டது. அதற்கு முன்பே பல மாடல்களில் இருந்தது. ஸ்டீயரிங்கின் நடு மூடியில் எஸ்.ஆர்.எஸ். என்று எழுதியிருந்தால் உள்ளே வெடிமருந்தும் மடித்த பையும் இருக்கின்றன என்று அர்த்தம். மோதலைச் சென்சார் உணர்ந்து, மருந்து பற்றி, பை முழுசாக விரிய ஆகும் நேரம் ஒரு விநாடியில் நூறில் சில பங்கு. இமை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வெளி ஸ்டீயரிங்கை மாட்டுவது என்றால் இதை மொத்தமாகக் கழற்றி எறிவது.

அது மட்டுமா? ஸ்டீயரிங் சுற்றும்போது ஏர்பேக்கின் ஒயர் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, கைக்கடிகாரத்தின் சுருள் மாதிரி நாடா ஒயர் சுற்றிய தட்டையான ஒரு டப்பா உள்ளே இருக்கிறது. கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். கழற்றிய நேரத்தில் யாராவது அதைச் சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டால், மறுபடி மாட்டி ஒரு பக்கம் முழுசாகத் திருப்பும்போது நாடா அறுந்துபோகும். ஹாரன், ஏர்பேக், ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தான்கள் எல்லாம் அந்த நாடா வழியாகத்தான். சில கார்களில் ஸ்டீயரிங் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்லும் சென்சாரும் அங்கேயே உண்டு. கார் சறுக்கும்போது பிடித்து நிறுத்தும் அமைப்பு அதை நம்பித்தான் இருக்கிறது.

ஏர்பேக்கைக் கழற்றினால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். அந்த விளக்கை அணைக்க, பையின் ஒயர்களுக்கு நடுவில் சின்ன ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகிவிடுவார்கள். கம்ப்யூட்டர் பை இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருக்கும். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். கழற்றியவருக்காவது பை இல்லை என்பது தெரியும். நாலு வருஷம் கழித்து அதே காரை வாங்கி, வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போகிறவருக்கு யார் சொல்வார்கள்? ரெசிஸ்டர் போடாமல் விளக்கை எரிய விட்டாலும் ஆபத்து தீராது. கோளாறு பதிவானால் சில கார்களில் பக்கத்து இருக்கையின் பை, சீட் பெல்ட்டைச் சுண்டி இழுக்கும் கருவி எல்லாமே சேர்ந்து வேலை செய்யாமல் போகலாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகவே உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். ஸ்டீயரிங் என்ன மாடல் என்று ஆர்.சி. புக்கில் ஒரு வரியும் கிடையாதே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. உண்மைதான், கிடையாது. ஆனால் கட்டாயப் பாதுகாப்புச் சாதனத்தைக் கழற்றிய கார் விபத்தில் சிக்கினால், இன்சூரன்ஸ்காரரிடம் அந்த வாதம் எவ்வளவு தூரம் போகும் என்று நீங்களே யோசியுங்கள். பழைய காருக்கு இந்தத் தலைவலி குறைவு. அங்கே பிரேக் இன்ஸ்பெக்டர் கை வைத்துப் பார்ப்பது ஆட்டத்தைத்தான். மத்திய மோட்டார் வாகன விதி 98-ன்படி ஸ்டீயரிங்கில் வெற்று ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. என்னைக் கேட்டால் 30 என்பதே தாராளம்.

அடுத்து உப்பு. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியின் விஞ்ஞானிகள் உலோகத் தகடுகளை வெட்டவெளியில் வைத்துத் துருவை அளக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. இரண்டு பக்கமும் கடல் நெருக்கும் ஒடுங்கிய நிலம், எப்போதும் காற்று, காற்றில் எப்போதும் உப்புத் துகள். அது படிந்த இடத்தில் ராத்திரி ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குப் பாலிசிலாக்ஸேன் பூச்சும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் போட்டிருக்கிறார்கள். பாலத்துக்கே இந்தக் கவனிப்பு என்றால், ராமேஸ்வரத்தில் வாசலில் நிற்கும் காரின் ஸ்டீயரிங்குக்கு நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கண்ணாடி ஏற்றிய காருக்குள் உப்பு எப்படி வரும் என்று கேட்பார்கள். நம் கையில் வரும். அரிச்சல்முனையில் இறங்கிக் காலை நனைத்து, மணலோடும் வியர்வையோடும் திரும்பி வந்து பிடிப்பது எதை? மிருதுவான மெல்லிய தோல் சுற்றிய ஸ்டீயரிங், உட்கார்ந்த உப்பை உறிஞ்சி, வெயிலில் காய்ந்து, ஒரு கோடையில் கடினமாகும். மறு கோடையில் தையல் ஓரம் வெடிக்கும். வெல்வெட் மாதிரி ரோமம் வைத்த சூயிட் வகை பந்தயக் கையுறைக்குச் செய்தது. நம் ஊர் வெறுங்கை வியர்வைக்கு ஆறே மாதத்தில் எண்ணெய்த் துணி மாதிரி மினுங்கும். மர ஸ்டீயரிங் பார்க்க அழகு, அதோடு சரி. இங்கே தாக்குப் பிடிப்பது கொஞ்சம் தடித்த சாதாரணத் தோல். அதையும் வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். கடற்கரை ஓரத்து போர் தண்ணீர் வேண்டாம், அதுவே பாதி உப்பு.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் வேலை அதிகம் நடக்கும். அலுமினிய பாஸும் எஃகுத் தண்டும் ஒட்டி இருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. தேய்கிறது அலுமினியம். வெள்ளை வெள்ளையாய்ப் பொடி பூக்கும். வளையத்தைப் பிடிக்கும் ஆறும் சின்ன ஆலன் போல்ட்டுகள், பெரும்பாலும் 5 மி.மீ. பெட்டியோடு வரும் கறுப்பு போல்ட் இங்கே சீக்கிரமே செம்மண் நிறமாகும், அப்புறம் கழற்றப் போனால் தலை மழுங்கும். நாங்கள் ஆறையும் மாற்றி, துருப்பிடிக்காத எஃகு போட்டு, மரையில் நீலநிற த்ரெட்லாக்கர் பசை ஒவ்வொரு சொட்டு விட்டோம். பிடிப்புக்கும் ஆயிற்று, ஈரம் உள்ளே போகாமல் அடைத்ததும் ஆயிற்று. ஹாரன் வளையத்தின் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறுவதை மட்டும் தடுக்க முடியவில்லை. வருஷம் ஒரு முறை கழற்றித் தேய்க்க வேண்டியதுதான். அப்போதே நடு நட்டையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

ஏர்பேக் காரை வைத்திருப்பவர்களுக்கு இனி என்ன வழி? மொரெட்டியின் கதையைத் திரும்ப எடுங்கள். கைக்குச் சுகம் கொடுத்தது தடிமன். அதைக் கம்பெனி ஸ்டீயரிங்கின் மேலேயே கொண்டுவரலாம். ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் சீட் கவர் கடைகளில் நல்ல தோலை அளவெடுத்து வெட்டி, ஸ்டீயரிங்கைக் கழற்றாமலேயே, ஊசியும் இரட்டை நூலும் கொண்டு கையால் தைத்துத் தருகிறார்கள். அந்த வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தைப்பவர் ஒவ்வொரு தையலையும் பல்லைக் கடித்து இழுப்பார். இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். அடியில் மெல்லிய பஞ்சுப் பட்டை ஒன்று கொடுக்கச் சொன்னால் பிடி தடிக்கும். நடு மூடியின் மேல் மட்டும் தோலோ ஸ்டிக்கரோ பிள்ளையார் படமோ ஒட்டக் கூடாது. பை கிழித்துக்கொண்டு வரும் வழி அது. கடையில் தொங்கும் ரெடிமேட் உறையை மாட்டிக்கொள்வது இதைவிட மலிவு, ஆனால் நம் வெயிலில் அது இளகி, வியர்த்த கையோடு சேர்ந்து உறை மட்டும் தனியாகச் சுற்றும்.

நண்பரின் 800 இப்போது அந்தச் சிவப்புத் தையல் ஸ்டீயரிங்கோடுதான் ஓடுகிறது. பினாங்கிலிருந்து வந்த காஞ்சில் பாஸ் மேசை மேல் பேனா போட்டு வைக்கிற கிண்ணமாக இருக்கிறது. பழைய ஸ்டீயரிங்கைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். 15 வருஷம் தாண்டிய கார், ஐந்து ஐந்து வருஷத்துக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போக வேண்டும். கேள்வி வந்தால் அரை மணி நேரத்தில் பழையபடி மாட்டிவிடலாம். பருத்தி வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறார். பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே வேர்க்கும். நட்டும், வாஷரும், பெயிண்ட் கோடு எந்தப் பக்கம் என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டும் அதே வேட்டி முடிச்சில் இருக்கின்றன.